மறுமொழி: சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். – வெயிற்காப்புப் பூச்சு, காப்பு மடங்கு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கிரிக்கெட் பயிற்சிக் கையேட்டுக்காக, வெயில் தோலைச் சுடாமலிருக்கப் பூசும் ‘சன்ஸ்கிரீன்’, அதன் புட்டியில் காணும் ‘எஸ்.பி.எஃப்.’ எண் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். சன்ஸ்கிரீனுக்கு வந்த பரிந்துரைகளில் ‘சூரியத்திரை’ சன்னலில் தொங்குவதையே நினைவூட்டுகிறது. ‘வெயில் தடுப்பான்’ செவிக்கு இனிது. ஆனால் வெயில் முழுவதும் தடுக்கப்படும் என்ற பொய் நம்பிக்கையைத் தருகிறது. இதே தயக்கத்தால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் ‘சன்பிளாக்’ என்று புட்டிகளில் அச்சிடக் கூடாது என விதித்தது. ‘கதிர்க்காப்பு’ எக்ஸ்ரே அறைக்கு உரியது. நான் முன்வைப்பது ‘வெயிற்காப்புப் பூச்சு’. களிம்பு என்னாததற்குக் காரணம், இது நீர்மமாகவும் குச்சியாகவும்கூட விற்கப்படுவதே. (காப்பு கைக்கு அணிவதும் ஆயிற்றே என்றார் ஒருவர், வெயிலோடு சேர்ந்தபின் அந்தக் குழப்பம் எழாது.) மேகம் மூடிய நாளில் வெயில் இல்லாமலே புறஊதாக் கதிர் இறங்குகிறதே என்ற ஆட்சேபம் வலுவானதுதான், அதை விளக்கத்தில் சொல்லிவிடலாம், சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

எஸ்.பி.எஃப்.-தான் (‘சன் புரொடெக்‌ஷன் ஃபேக்டர்’ என்பதன் சுருக்கம்) சிக்கல். ‘பாதுகாப்புக் காரணி’ என்பதைப் படிப்பவர், பாதுகாப்புக்குக் காரணமான ஏதோ ஒரு பொருள் என்றே கொள்வார். உண்மையில் அது ஒரு விகிதம்: பூசிய தோல் சிவக்கத் தேவைப்படும் கதிரளவு, பூசாத தோல் சிவக்கத் தேவைப்படும் அளவைப்போல் எத்தனை மடங்கு என்பது. ஆகவே ‘காப்பு மடங்கு’ என்பேன். மடங்கு 15 என்றால் சிவக்கவைக்கும் கதிரில் பதினைந்தில் ஒரு பங்கும், 30 என்றால் முப்பதில் ஒரு பங்கும் தோலை அடையும். தடுக்கப்படுவது முறையே ஏறத்தாழ 93, 97 விழுக்காடு. இந்தச் சொல்லிலும் ஓர் ஆபத்து உண்டு. பத்து நிமிடத்தில் சிவப்பவர் 30 மடங்குப் பூச்சுடன் ஐந்து மணி நேரம் களத்தில் நிற்கலாம் என்று பெருக்கிப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு களத்தில் பலிக்காது. சோதனையில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கிறார்கள். ஆட்டக்காரர் அவ்வளவு பூசுவதில்லை, பூசிய கொஞ்சமும் வியர்வையிலும் துண்டிலும் போய்விடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்ற விதிக்கு டெஸ்ட் ஆட்டத்தின் உணவு, தேநீர் இடைவேளைகள் அளந்து வைத்தாற்போல் பொருந்துகின்றன. கையேட்டில் அதையே எழுதலாம்.

‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்பதற்கு ‘நீர்ப்புகா’ வேண்டாம்; மேற்சொன்ன 2011 அமெரிக்க விதி ‘வாட்டர்புரூஃப்’ என்ற உரிமைகோரலையும் விலக்கி, 40 அல்லது 80 நிமிடம் என்று குறிக்கச் சொல்கிறது. ‘நீர்தாங்கு நேரம்: 80 நிமிடம்’ எனலாமா? இதைவிடச் சுருக்கமான சொல் எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.