டிரெட்மில்லுக்குத் தமிழ்ல என்ன? திங்கக்கிழமைக்குள்ள வேணும்

செந்தூல்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், ஒரு அவசரம். உடற்பயிற்சி சாமான் விக்கிற ஒரு கடைக்காரரு, வீட்டுக்கு டிரெட்மில் எப்படிப் பாத்து வாங்கறதுன்னு நாலு பக்கத்துல துண்டறிக்கை போடறாரு. மலாய், சீனம் முடிஞ்சிருச்சு, தமிழ் என் தலையில. தீபாவளிக்கு முன்னால கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல அஞ்சடி ஓரமா, அதான் கடைங்க முன்னால இருக்கற நடைவழில, நின்னு குடுக்கணுமாம், திங்கக்கிழமை காலைல அச்சுக்குப் போகுது. உள்ள எல்லாம் எழுதிட்டேன், தலைப்புதான் இழுக்குது. 'டிரெட்மில்'னு அப்படியே போட்டா "அப்ப எதுக்கும்மா உனக்குக் காசு"ங்கறாரு. ஓடுபொறியா, நடைப்பொறியா, வேற எதாச்சுமா? பெல்ட், டெக் (பெல்ட்டுக்கு அடியில இருக்கற பலகை), இன்க்லைன் (முன்பக்கம் தூக்கறது), சேஃப்டி கீ (பிடுங்கினா மெசின் நிக்கிற கயிறுச் சாவி), இதுக்கும் சேர்த்துச் சொல்லுங்க. மலாய்ல 'மெசின் லாரி'ன்னு இருக்கு, ஓடற மெசின்னு அர்த்தம், அதைத் தமிழ் எழுத்துல பாத்தா லோரி பட்டறை விளம்பரம்னு நெனச்சுக்குவாங்க.

பாயான் லெப்பாஸ் எஞ்சினியர் எழுதியது:

ஓடுபொறி. சின்னது, வாய்ல நிக்கும். முடிஞ்சது லா.

பட்டர்வொர்த் வாத்தியார் எழுதியது:

முடியல தம்பி. ஓடுபொறி வினைத்தொகை, அது சரி, அதனால 'ப்' போடாம எழுதினதும் சரி. ஆனா ஓடறது யாரு? பொறி ஓடுதா, ஆள் ஓடறானா? இலக்கணம் ரெண்டையும் விடும். ஆடுகளம்னா களம் ஆடறதில்ல, சுடுகாடுன்னா காடு சுடறதில்ல. ஆனா ஓடுபொறின்னு முதல் தடவை கேக்கறவன் ஓடற வண்டின்னுதான் எடுத்துக்குவான். நிக்கிற இடத்தைவிட்டு நகராத ஒரு சாமானுக்கு 'ஓடு'ன்னு பேரா?

அடுத்தது, இங்கிலீஷ் பேர்ல 'மில்' எங்கேந்து வந்துச்சுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா? 1818ல வில்லியம் கியூபிட்னு ஒரு எஞ்சினியர் சிறைக்கைதிகளுக்குன்னு பெரிய மிதிசக்கரம் பண்ணினாரு. 1821ல லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில வந்துச்சு. கைதிங்க வரிசையா நின்னு படி ஏறற மாதிரி மிதிப்பாங்க, சில இடத்துல மாவு அரைபடும், சில இடத்துல தண்ணி ஏறும், சில இடத்துல ஒண்ணுமே நடக்காது, சும்மா காத்துதான் அரைபடும். 1898 சட்டத்துக்கப்புறம்தான் அதை எடுத்தாங்க. ஆக மிதி + ஆலை. நம்மகிட்ட ஆலைக்குப் பழைய சொல் இருக்கு, புறநானூறு 322 பாருங்க, 'கரும்பின் எந்திரம் சிலைப்பின்'. கரும்பாலை போடற சத்தத்துல பக்கத்து நீர்நிலைல வாளை மீன் துள்ளுது. ஆலைங்கிற பொருள்லயே எந்திரம் இருக்கும்போது பொறியைத் தேடிப் போவானேன்? என் சொல் மிதியெந்திரம். வேணும்னா நடையெந்திரம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், 'ட்ரெட்'ங்கறதே நம்ம 'திரி'தான். திரிதல், நடத்தல். அப்புறம் யாராச்சும் திருடிட்டுப் போயி நமக்கே விக்கறாங்கன்னு சொல்லாதீங்க, நான் சொல்லிட்டேன்.

பாயான் லெப்பாஸ் எஞ்சினியர் எழுதியது:

> 'ட்ரெட்'ங்கறதே நம்ம 'திரி'தான்

ஐயா, விடுங்க. அது பழைய ஆங்கிலத்துல 'ட்ரெடன்', ஜெர்மன்ல 'ட்ரேட்டன்', அவங்க சொந்தக்காரங்க அந்தப் பக்கம் இருக்காங்க. இந்த வழில போனா பினாங்கே தமிழ்ச்சொல்லுன்னு வந்து நிப்பீங்க.

மிதியெந்திரம் ஏன் ஒத்துவராதுன்னா, சிறைச்சாலை சக்கரத்துல மனுசன் மிதிச்சாதான் சக்கரம் சுத்தும். இப்ப வீட்டுல இருக்கறது தலைகீழ், மோட்டார் பெல்ட்டைப் பின்னால இழுக்குது, நம்ம விழாம இருக்கறதுக்கு முன்னால அடி வைக்கறோம். 'மிதி'ன்னு போட்டா சைக்கிள் மாதிரி மிதிச்சாத்தான் ஓடும்னு வாங்கறவங்க நினைப்பாங்க. மோட்டார் இல்லாத வளைஞ்ச மாடல் ஒண்ணு இருக்கு, அதுக்கு வேணா உங்க சொல்லைக் குடுத்துடலாம்.

தனித்தமிழ் அன்பர், புக்கிட் மெர்தாஜாம், எழுதியது:

அன்புடையீர், எந்திரம் 'யந்த்ர'வின் வழி வந்தது. 'இயங்கு' என்பதிலிருந்து பிறந்தது எனச் சிலர் வாதிடுவர், அதை வேறோர் இழையில் பேசலாம். பொறி ஐயத்திற்கு இடமின்றித் தமிழ். சிலம்பின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் காவலாக 'வளைவிற் பொறி' வருகிறது. தானே வளைந்து அம்பு எய்யும் கருவி. எனவே நடைப்பொறி. பெல்ட்டுக்கு வார். டெக்குக்கு அடித்தட்டு. இன்க்லைனுக்கு ஏற்றக்கோணம். சேஃப்டி கீக்குக் காப்புத்திறவு.

பட்டர்வொர்த் வாத்தியார் எழுதியது:

பொறிக்குக் குறளும் இருக்கே அன்பரே. 'பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி.' பரிமேலழகர் பொறின்னா விதிங்கறாரு. இந்தத் துண்டறிக்கை கைல கிடைச்சிருந்தா வேற உரை எழுதியிருப்பாரு, டிரெட்மில் இல்லாதது குத்தமில்ல, வாங்கி வச்சுட்டு ஏறாததுதான் குத்தம். பொறி ஐம்பொறி, எலிப்பொறி, தீப்பொறின்னு எல்லாப் பக்கமும் இழுபடற சொல், எந்திரத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. வடசொல்லாவே இருந்துட்டுப் போகட்டும், 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ'ன்னு தொல்காப்பியரே கதவைத் திறந்துதான வச்சிருக்காரு.

ஆயர் ஈத்தாம் சர்வீஸ் எழுதியது:

நான் இந்த மெசினையெல்லாம் பழுது பாக்கற ஆளு. தமிழாளுங்க போன் போட்டா என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. "அண்ணே அந்த ஓடற மெசின் நின்னு போச்சு", "நடக்கற மெசின்ல பெல்ட்டு ஒரு பக்கமா ஒதுங்குது". டிரெட்மில்னும் சொல்லுவாங்க. பொறின்னு ஒருத்தர் சொன்னதில்ல, எந்திரம்னா படத்துப் பேருன்னு நெனைப்பாங்க. வார்னா செருப்பு வார். பெல்ட்டுன்னே விட்டுடுங்க, என் பொழப்பைக் கெடுக்காதீங்க. வார் அறுந்துச்சுன்னு ஒருத்தர் கூப்பிட்டா நான் செருப்பு தைக்கற அண்ணன் நம்பரைத்தான் குடுப்பேன்.

துண்டறிக்கைல பேரை விட முக்கியமா ஒண்ணு போடுங்க, பெல்ட்டுக்கு அடியில சிலிகான் எண்ணெய் விடணும், அதுவும் அளவா. வீட்டுல இருக்கற தேங்காயெண்ணெய், தையல் மெசின் எண்ணெயெல்லாம் விட்டுட்டு கூப்பிடறாங்க.

சுங்கை ஆரா தம்பி எழுதியது:

ஓடுகால்னு வைக்கலாமா, காலுக்கு அடியில ஓடறதால?

செராஸ் பிசியோ எழுதியது:

தம்பி, 'இ' ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? "எங்க வீட்டுல ஒரு ஓடுகாலி வாங்கியிருக்கோம்"னு எந்த அம்மா வெளிய சொல்லுவாங்க.

நான் ஏன் எழுத வந்தேன்னா, எங்கிட்ட வர்றவங்க பாதிப் பேரு அறுபதுக்கு மேல, முட்டி வலி, சர்க்கரை, இருதய அடைப்பு எடுத்தவங்க. ஓடுபொறின்னு தலைப்புப் போட்டா துண்டறிக்கையைத் திருப்பிக் குடுத்துடுவாங்க, "எனக்கு எதுக்கும்மா ஓட்டமெல்லாம்"னு. ஆஸ்பத்திரில டிரெட்மில்ல நடக்கவிட்டு இருதயத்தைப் பாக்கற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எடுக்கறாங்களே, 1963ல ராபர்ட் புரூஸ்ங்கற இருதய டாக்டர் வகுத்த முறை, அதுல முதல் மூணு நிமிசம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆனா ஏற்றம் 10 சதவீதம். ஓட்டமே இல்ல, ஏறி நடக்கறது, அதுலயே மூச்சு வாங்கும். அதுக்கப்புறம்தான் மூணு மூணு நிமிசத்துக்கு வேகமும் ஏற்றமும் கூடும். வீட்டுல வாங்கற நம்ம ஆளுங்களுக்கு நடைதான் வேலை. எனக்கு நடைப்பொறி. இன்க்லைனுக்கு வெறும் 'ஏற்றம்' போதும், கோணமெல்லாம் வேண்டாம். பினாங்கு தண்ணிமலை முருகன் கோயிலுக்கு ஏறினவங்களுக்கு ஏற்றம்னா என்னன்னு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்ல.

பாயான் லெப்பாஸ் எஞ்சினியர் எழுதியது:

அக்கா சொல்றதுல எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. இங்க பேரும் பொருளும் ஒட்டியே போகுது. கடையில ரெண்டு சாதி மெசின் இருக்கு. நடக்க மட்டும்னு செஞ்சது, பெல்ட் 40, 45 செண்டிமீட்டர் அகலம், 120 நீளம், தொடர்ந்து குடுக்கற திறன் 2 குதிரைத்திறன் இருந்தாப் போதும். ஓடறதுக்குச் செஞ்சது அகலம் 50, நீளம் 140லேருந்து 150, திறன் 3 பக்கம். எட்டி அடி வைக்கற ஆளு 120ல ஓடினா பின்கால் வெளிய போயிரும். நீங்க எல்லாத்துக்கும் நடைப்பொறின்னு வச்சுட்டீங்கன்னா அப்பா நடக்க வாங்கினதுல மகன் போயி ஓடுவான், மோட்டார் சூடாகி வாசனை வரும், அப்புறம் ஆயர் ஈத்தாம் அண்ணனுக்குத்தான் போன். அதனால ரெண்டு சொல்லும் வேணும்ங்கறேன், நடக்கறதுக்கு நடைப்பொறி, ஓடறதுக்கு ஓடுபொறி.

குதிரைத்திறன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமா எழுதுங்க, அதுலதான் ஏமாத்து. பெட்டில 6 குதிரைன்னு பெருசா போட்டிருப்பான். ஒரு குதிரை 746 வாட், 6ன்னா 4,476 வாட். நம்ம வீட்டு மூணு முனை ப்ளக்கு 13 ஆம்பியர், 230 வோல்ட்னு வச்சா 2,990 வாட்தான் வரும். அப்ப 6 எங்கேந்து வந்துச்சு? ஒரு நொடி உச்சம். தொடர்திறன், உச்சத்திறன்னு ரெண்டையும் பிரிச்சுப் போடுங்க, வாங்கறவங்க தொடர்திறன் எவ்வளவுன்னு கேக்கணும். டிரெட்மில்லுக்கு என்ன பேர் வச்சாலும் சரி, இந்த ரெண்டு சொல்லு மட்டும் விட்டுப் போகக்கூடாது.

ஆயர் ஈத்தாம் சர்வீஸ் எழுதியது:

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. இன்னொண்ணு, நம்ம வீட்டுல காத்தாடி. மெசின் மேல ஏறினா தரைலேருந்து ஒரு சாண் உசரம், அதுக்கு மேல ஏற்றம் வச்சா முன்பக்கம் இன்னும் தூக்கும், அதுல ஆளு துள்ளி ஓடினா தலை எங்க போகும்? சீலிங் காத்தாடிக்கு நேர் கீழ வைக்காதீங்கன்னு பெரிய எழுத்துல போடுங்க. பின்னால செவுரு ஒட்டியும் வைக்கக்கூடாது, ரெண்டு மீட்டர் காலி விடணும். கொண்டோ, அடுக்குமாடி வீடா இருந்தா கீழ் வீட்டுக்காரங்களுக்காக தடிமனான ரப்பர் பாய். அந்த சிவப்புச் சாவியோட கயிறை சட்டைல மாட்டணும், கைப்பிடில சுத்தி வச்சுக்கிட்டு ஓடறாங்க, விழுந்தா எப்படி நிக்கும்?

செந்தூல்காரி எழுதியது:

அந்தக் கயிறுச் சாவிக்கு என்னண்ணே போடறது, காப்புத்திறவா?

ஆயர் ஈத்தாம் சர்வீஸ் எழுதியது:

காப்பித் தூள்னு படிப்பாங்க. பாதுகாப்புச் சாவி.

தனித்தமிழ் அன்பர், புக்கிட் மெர்தாஜாம், எழுதியது:

மக்களுக்குப் புரியாது, புரியாது என்றே எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்றைக்குப் புரியும்? 'இணையம்' என்று சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி சொன்னபோது யாருக்குப் புரிந்தது? இன்று பள்ளிப்பிள்ளையும் சொல்கிறது. வார் என்பதற்குச் செருப்பு நினைவு வருகிறதென்றால் குறை சொல்லின் மீதன்று.

ஆயர் ஈத்தாம் சர்வீஸ் எழுதியது:

இணையம் யாருக்கும் அறுந்து போகலயே ஐயா. அறுந்ததும் எனக்கு ஏழு மணிக்குப் போன் வருமே, அங்கதான் பிரச்சனை.

சுங்கை ஆரா தம்பி எழுதியது:

நடைமேடை? ஏறி நின்னு நடக்கறோம்ல.

பட்டர்வொர்த் வாத்தியார் எழுதியது:

அது ரயில் நிக்கற இடம். ஓடுபாதை, ஓடுதளம் ரெண்டும் விமானத்துக்குப் போயாச்சு, நடைபாதை ரோட்டோரம். காலுக்கு அடியில இருக்கற சொல்லையெல்லாம் வேற ஆளுங்க முந்தியே புடிச்சுட்டாங்க, அதனாலதான் எந்திரம்ங்கறேன்.

செந்தூல்காரி எழுதியது:

எல்லாரும் பசியாறியாச்சா? ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆயிருச்சு, எனக்கு மூணு பக்கம் திருத்தம் பாக்கி. கடைக்காரருகிட்ட ரெண்டு பேர் யோசனையைச் சொன்னேன், "ஒரே சாமானுக்கு ரெண்டு பேர் வச்சா ரெண்டு விலையான்னு கேப்பாங்க"ன்னுட்டாரு. அதனால தலைப்புல 'வீட்டுக்கு ஏற்ற நடைப்பொறி', பக்கத்துலயே சின்ன எழுத்துல டிரெட்மில். உள்ள ஒரு கட்டம் போட்டு 'நடக்க மட்டுமா, ஓடவுமா?'ன்னு எஞ்சினியர் தம்பி குடுத்த அகலம், நீளம், தொடர்திறன் எல்லாத்தையும் வச்சிருக்கேன். பெல்ட் பெல்ட்டாவே இருக்கு. டெக்குக்கு அடிப்பலகை. ஏற்றம், பாதுகாப்புச் சாவி. காத்தாடி எச்சரிக்கை முதல் பக்கத்துலயே. இதுக்கு மேல யாராச்சும் மாத்தணும்னா நாளைக்குக் காலைல ஏழு மணிக்குள்ள, அதுவும் ஒரு வரில.

செராஸ் பிசியோ எழுதியது:

சரி.

பாயான் லெப்பாஸ் எஞ்சினியர் எழுதியது:

கட்டம் இருக்குல்ல, அப்ப சரி. எனக்கு ஓடுபொறிதான் புடிச்சிருந்துச்சு, பரவால்ல.

ஆயர் ஈத்தாம் சர்வீஸ் எழுதியது:

பெல்ட் இருக்கு. சரி.

தனித்தமிழ் அன்பர், புக்கிட் மெர்தாஜாம், எழுதியது:

நடைப்பொறிக்கு உடன்பாடு. பெல்ட்டுக்கு உடன்பாடில்லை, பதிவு செய்க.

செந்தூல்காரி எழுதியது:

அச்சாயி வந்துருச்சு, பாத்தேன். வடிவமைச்ச பையன் தலைப்பு ஒரு வரில அடங்கலைன்னு 'ப்'பை எடுத்துட்டான். 'நடைபொறி'ன்னு இருக்கு. மொத்தக் கட்டும் குடுத்து முடிச்சாச்சு.

சுங்கை ஆரா தம்பி எழுதியது:

'ப்' இல்லைன்னாலும் அர்த்தம் அதேதானே?

பட்டர்வொர்த் வாத்தியார் எழுதியது:

எப்படி அதே? நடைக்கான பொறின்னா உருபும் பயனும் உடன்தொக்க தொகை, வலி மிகும், 'ப்' வேணும். 'ப்' இல்லாம எழுதினா உம்மைத்தொகை, நடையும் பொறியும்னு ஆயிரும். நடையும் தளர்ந்து ஐம்பொறியும் அடங்கினவங்களுக்கு விக்கிற சாமான்னு படிக்கலாம். நடையெந்திரம்னு வச்சிருந்தீங்கன்னா நடுவுல ரெண்டு சொல்லையும் ஒட்டற 'ய்', உடம்படுமெய்தான் வரும், அதை எந்தப் பையனாலயும் பிச்சு எடுக்க முடியாது. பெரும்பான்மைக்கு நான் கட்டுப்படறேன்னு யாரும் எழுதிடாதீங்க, கட்டுப்படல. எங்க வகுப்புப் பலகைல நடையெந்திரம்தான்.