அபார்ட்மெண்ட் ஓட்டு வேண்டாம் மாமா

குழு: நம்ம குடும்பம்

நான்: எல்லாருக்கும் வணக்கம். இங்கே இண்டியானாபொலிஸில் எங்கள் வீட்டு மேசையில் பகடை உருட்டிக்கொண்டிருந்த தோழியை வீடியோ காலில் பார்த்தீர்களே, அவள் எழுதிய விளையாட்டு இந்த வருஷம் எனீஸ் என்கிற விளையாட்டுத் துறை விருதின் இறுதிப் பட்டியலில் வந்திருக்கிறது. சின்னப் புத்தகம்தான். எழுதியது, படம் வரைந்தது, மடித்து ஸ்டேப்ளர் அடித்தது எல்லாம் அவளே. ஆன்லைனில் ஓட்டெடுப்பு நடக்கிறது. படித்துப் பார்க்க ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள், பிடிஎஃப் அனுப்புகிறேன்.

பெரியப்பா: வாழ்த்துகள் மா 🙏🙏

மாமா: லிங்க் போடு. எங்கள் அபார்ட்மெண்ட் குழுவில் மட்டும் இருநூறு பேர் இருக்கிறார்கள், வாக்கிங் குழு தனி. டிவி பாட்டுப் போட்டியில் நம்ம தெருப் பையனை அரையிறுதி வரைக்கும் கொண்டு போனதே நாங்கள்தான்.

அக்கா: என்ன விளையாட்டு என்றே மாமா கேட்கவில்லை 😂

மாமா: நம்ம பிள்ளையோட சிநேகிதி. அது போதாதா?

சித்தி: கம்ப்யூட்டர் கேமா கண்ணு?

நான்: இல்லை சித்தி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார், ‘கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்’ என்பார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும், அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொடங்கியது. இன்றைக்கும் அதுதான் பெரியது, பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோவின் கையிலிருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிடுகிறது. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் சின்ன விளையாட்டுகள், பலவும் ஒன்றிரண்டு பேர் வேலை முடிந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவது.

அக்கா மகன்: சித்தி, நிஜமாகவே எனீஸா?? ஹாஸ்டலில் நாங்கள் ஷேடோடார்க் என்று இதே மாதிரி ஒன்று விளையாடுகிறோம். 2024இல் அது நாலு தங்கம் வாங்கியது!

மாமா: தங்கமா? எத்தனை கிராம்?

நான்: பேருக்குத்தான் தங்கம் மாமா. ஒவ்வொரு பிரிவிலும் தங்கம், வெள்ளி என்று இரண்டு பரிசு. 2001இல் ஆரம்பித்த விருது. வெளியீட்டாளர்கள் தங்கள் புத்தகத்தை அனுப்புவார்கள், ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து நடுவர்கள் வந்து குவிகிற எல்லாவற்றையும் படித்துப் பிரிவுக்கு இத்தனை என்று பட்டியல் போடுவார்கள், அதற்கப்புறம்தான் பொது ஓட்டு. முடிவை இங்கே ஜென் கான் என்கிற விளையாட்டு விழாவில் அறிவிப்பார்கள். 2023இல் அந்த விழாவுக்கு 70,000 பேருக்கு மேல் வந்தார்கள், அந்த நாலு நாளும் டவுன்டவுன் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அந்த நடுவர் கட்டம்தான் சின்னவர்களுக்கு வாசல். பளபள காகிதத்தில் முந்நூறு பக்கம் வந்த புத்தகமும் என் தோழியின் ஸ்டேப்ளர் புத்தகமும் அங்கே ஒரே மேசையில் கிடக்கும்.

மாமா: சரி, கடைசியில் எண்ணிக்கைதானே? பிறகு ஏன் தயங்குகிறாய்? லிங்க்.

நான்: அவள் பிரிவில் போட்டிக்கு இருக்கிற மற்றவர்களும் அவளை மாதிரியே தனி ஆட்கள் மாமா. உங்கள் இருநூறு ஓட்டும் பெரிய கம்பெனியைத் தோற்கடிக்காது, வேறு ஏதோ ஊரில் சமையலறை மேசையில் உட்கார்ந்து புத்தகம் மடித்த இன்னொருவரைத்தான் தோற்கடிக்கும். அவர் புத்தகத்தை நம்மில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மாமா: அவரும் அவர் மாமாவைக் கூப்பிடட்டுமே. யார் தடுத்தார்கள்?

அக்கா: 😂😂

நான்: கூப்பிடலாம்தான். அப்புறம் யாருக்கு மாமா அதிகம் என்பதற்குத்தான் விருது கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே ரசிகர் ஓட்டு என்றாலே லட்சக்கணக்கில் மெயில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்குச் சாதகம், அது எல்லாருக்கும் தெரிந்த புகார். ஆள் திரட்டுவதில் அவர்களை நாம் ஜெயிக்கவே முடியாது. சின்ன விளையாட்டு ஜெயித்த இடமெல்லாம் படித்தவர்கள், விளையாடியவர்கள் போட்ட ஓட்டால்தான்.

அக்கா மகன்: மோர்க் போர்க் என்கிற விளையாட்டு அப்படித்தான் ஜெயித்தது தாத்தா. ஸ்வீடனில் ஒருவர் எழுத, ஒருவர் வடிவமைத்தது. கண்ணைக் குத்துகிற மஞ்சள், அதன்மேல் கறுப்பு, ஒரு பக்கம் மாதிரி அடுத்த பக்கம் இருக்காது. 2020இல் ஆண்டின் சிறந்த வெளியீடு என்று தங்கம். விதிகள் மட்டும் உள்ள பதிப்பை இலவசமாகவே போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் உலகம் அழிந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு நாளும் பகடை உருட்டி ஏதாவது கெட்டது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏழாவது கேடு வந்தால் ஆட்டம் முடிந்தது, புத்தகத்தை எரித்துவிடு என்று அச்சில் போட்டிருக்கும்.

சித்தி: புத்தகத்தை எரிக்கிறதா! கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வந்து என்ன பேச்சுடா இது.

நான்: யாரும் எரிப்பதில்லை சித்தி. ஆனால் எரித்த கதை ஒன்று நிஜமாகவே இருக்கிறது. டயானா ஜோன்ஸ் விருது என்று இந்தத் துறையிலேயே இன்னொன்று. முன்னே இண்டியானா ஜோன்ஸ் சினிமா பெயரில் ஒரு விளையாட்டு வந்து, உரிமம் முடிந்ததும் விற்காத பிரதிகளை அழித்தார்கள். எரிந்ததில் மிஞ்சிய துண்டை ஒரு பிரமிடுக்குள் பதித்துக் கோப்பையாக்கிவிட்டார்கள், பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்து கருகிப் போய் ‘டயானா ஜோன்ஸ்’ மட்டும் மிச்சம். ஆனால் அது ஒரு குழு கூடி முடிவு செய்வது, அதில் பெரும்பாலோர் யார் என்று வெளியே சொல்வதில்லை. மாமாவின் அபார்ட்மெண்ட் அங்கே செல்லாது.

மாமா: ஆள் யாரென்று தெரிந்தால் பேசிப் பார்க்கலாம்.

பெரியம்மா: பெரியவனுக்கு விருது, சின்னவனுக்கு விருது, எல்லாம் சரி. இதனால் அந்தப் பொண்ணுக்கு என்ன கிடைக்கும்? பணமா?

நான்: நேரடியாகப் பெரிதாக ஒன்றும் இல்லை பெரியம்மா. அட்டையில் ஒரு முத்திரை ஒட்டிக்கொள்ளலாம். கடைக்காரர் ‘யார் இது’ என்று கேட்காமல் பத்து பிரதி எடுத்து வைப்பார், அடுத்த புத்தகத்துக்கு முன்பணம் திரட்டும்போது நாலு பேர் நம்பிக் கொடுப்பார்கள். சின்னவர்களுக்கு அதுவே பெரிது. 2023 ஜனவரியில் என்ன ஆனது தெரியுமா, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குத் துணையாக யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 2000இலிருந்து ஒரு திறந்த உரிமம் இருந்தது, அதை மாற்றி வருமானத்தில் பங்கு கேட்கிற மாதிரி ஒரு வரைவு கசிந்தது. அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கெல்லாம் வயிற்றில் புளி கரைத்தது. பெரிய சண்டை, அந்த மாசக் கடைசிக்குள் கம்பெனியே பின்வாங்கி அடிப்படை விதிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. ஆனாலும் அந்த மாசம் நிறையப் பேர் சொந்தக் கால் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அக்கா மகன்: ஷேடோடார்க் அந்த வருஷம் மார்ச்சில்தான் கிக்ஸ்டார்ட்டரில் வந்தது, முன்பணம் திரட்டுகிற தளம் அது. கெல்சி டியோன் எழுதியது. பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது.

மாமா: டாலரா? இதைத்தான் நீங்கள் சின்னது என்கிறீர்களா?

நான்: நியாயமான கேள்வி 😄 அந்த அளவுக்குப் போனது ரொம்பக் கொஞ்சம். என் தோழிக்கு அச்சுக்கூலி திரும்பி வந்தால் நல்ல வருஷம்.

மாமா: சரி, பிடிஎஃப் அனுப்பு. அபார்ட்மெண்டுக்கு இப்போதைக்கு அனுப்பவில்லை.

(மறுநாள்)

மாமா: படித்துவிட்டேன். ஆற்றங்கரைப் படகுத்துறை, ஆளாளுக்குக் கடன், வெள்ளம் வருவதற்குள் அடைக்க வேண்டும். நல்ல கற்பனை. ஆனால் வட்டி தனிவட்டியா கூட்டுவட்டியா என்று எங்கேயுமே சொல்லவில்லை. கூட்டுவட்டி என்றால் ஐந்தாவது சுற்றில் யாருமே கரையேற முடியாது, நான் தாளில் போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் பேங்க்கில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அந்தப் பொண்ணிடம் கேள்.

நான்: கேட்டேன் மாமா. தனிவட்டி என்றுதான் நினைத்து எழுதினாளாம், விளையாடியவர்கள் யாரும் கேட்கவே இல்லையாம். அடுத்த அச்சில் ஒரு வரி சேர்க்கிறாள். உங்கள் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

மாமா: அதே பிரிவில் இன்னும் இரண்டு புத்தகத்துக்கு இலவச மாதிரிப் பகுதி கிடைத்தது, அதையும் பார்த்தேன். வரிசைப்படுத்தித்தானே ஓட்டுப் போட வேண்டும்?

நான்: ஆமாம், பிடித்ததற்கு 1, அடுத்ததற்கு 2. தெரியாததைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மாமா: அப்படியானால் உன் சிநேகிதிக்கு 2. கோபித்துக்கொள்ளாதே.

அக்கா: மாமா!!!

நான்: கோபமே இல்லை. 1 யாருக்கு?

மாமா: ஓட்டு ரகசியம்.

சித்தி: நான் படிக்கவில்லை, எனக்கு ஓட்டும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கினால் அந்தப் பொண்ணுக்குப் போகுமா?

நான்: போகும் சித்தி, ஓட்டைவிட அதுதான் கைக்கு வரும். இட்ச் (itch.io) என்கிற விற்பனைத் தளத்தில் வாங்குங்கள், அங்கே தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவரே முடிவு செய்யலாம், சாதாரணமாக 10 சதவீதம். வாங்கிய பிறகு கீழே ரெண்டு வரி எழுதிவிட்டால் இன்னும் நல்லது, தமிழில் எழுதினாலும் பரவாயில்லை.

அக்கா மகன்: ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் நடத்துகிறேன், யார் யார் வருகிறீர்கள்? முதலில் ஷேடோடார்க். தீப்பந்தம் நிஜமாகவே ஒரு மணி நேரம்தான் எரியும், போனில் டைமர் வைப்பேன். அணைந்தால் இருட்டு, அப்புறம் நான் பொறுப்பில்லை.

பெரியப்பா: நான் வருகிறேன். சீரியல் இல்லாத நேரமாக வை.

மாமா: எங்கள் பிளாக்கில் ரெண்டு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். இருபது முகப் பகடை எங்கே கிடைக்கும்?

அக்கா மகன்: வாங்க வேண்டாம் தாத்தா, போனிலேயே உருட்டலாம்.

மாமா: போனில் உருட்டினால் எவன் நம்புவான்? கடை பெயரைச் சொல்.