மோட்டார்ஹோம் படுக்கையறை நள்ளிரவிலும் குளிரவில்லை

வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டியான எங்கள் 8 மீட்டர் மோட்டார்ஹோமின் கூரை நடுவில் 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஒன்றுதான் உள்ளது. மூன்று வாரங்களாக, வெளியே 38 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்களில், முன்பகுதி 26 டிகிரிக்கு இறங்கினாலும், என் தாயார் உறங்கும் பின்புறப் படுக்கையறை இரவு பத்து மணிக்கும் 32 டிகிரிக்குக் கீழே வருவதில்லை; அவர் விடியும்வரை புரண்டுகொண்டே இருக்கிறார். கட்டிலுக்கு மேலுள்ள கூரைப்பலகை அப்போதும் கைக்குச் சூடாகவே படுகிறது.

ஏசி வடிகட்டியைக் கழுவினேன். வெயில் கண்ணாடியைக் கடக்குமுன் தடுக்க வேண்டும் என்பதால், ஜன்னல்களுக்கு வெளிப்புறமாகவே வெள்ளிநிறத் தடுப்புகளைக் கட்டினேன். கதவருகே மின்விசிறி வைத்ததில் சற்றே பலன் கிடைத்தது. ஆனால் படுக்கையறைக் காற்றுத்துவாரத்தில் பிடித்த மெல்லிய காகிதம்கூட அசையவில்லை.

கூரைக்குள் செல்லும் காற்றுக்குழாயைப் பிரித்துக் கசிவை முதலில் அடைப்பதா, படுக்கையறைக்குத் தனி ஏசி பொருத்துவதா?