புதுப்பிப்பு: சம்பளமில்லா விடுப்பில் இருந்த துணை விமானி

2020 கொரோனா காலத்தில் எங்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியபோது, சங்கம் தொடங்குவதா, வேறு வேலை தேடுவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "மெடிக்கலையும் (உடல்தகுதிச் சான்று) இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கையும் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி) காலாவதியாக விடாதே" என்ற யோசனைதான். மனைவியின் வளையலை அடகு வைத்து, ரேட்டிங்கைப் புதுப்பிக்க சிமுலேட்டருக்கு (விமானம் ஓட்டுவது போன்ற பயிற்சிக் கருவி) பணம் கட்டினேன், அப்போது வயிறு எரிந்தது. 2022-இல் விமான நிறுவனங்கள் மறுபடி ஆள் எடுத்தபோது லாக்புக்கில் (விமானியின் பறப்புப் பதிவேடு) அவர்கள் முதலில் புரட்டிப் பார்த்தது அந்தத் தேதிகளைத்தான். வேலை கிடைத்துவிட்டது.

எதிர்பாராதது, பழைய வேலையை விடுவதற்கான நோட்டீஸ் காலம். ஒரு மாதம் என்று நினைத்திருந்தேன். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் 2017 விதிப்படி துணை விமானிக்கு 6 மாதம், கேப்டனுக்கு 12 மாதமாம்.

அப்புறம் சங்கம். பதிவுக்கு விண்ணப்பிக்க 7 பேர் போதும், ஆனால் அப்போதைய தொழிற்சங்கச் சட்டப்படி ஊழியர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை உறுப்பினர்கள் வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் கொதித்தவர்கள் 140 பேர், தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் 23 பேர். வேலை போனால் ஓட்ட வேறு விமானம் இல்லாத நேரம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் விலகிவிட்டதால் இப்போது 22.