ஊரில் மனைவியோடு கூட்டுக் கணக்கு: ஈப்போ பக்கம் நோட்டரி யாரைப் பார்க்கலாம்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டத்தில் வேலை பெர்மிட்டில் இருக்கும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவருக்காகக் கேட்கிறேன். ஊரில் இருக்கும் மனைவியையும் சேர்த்து என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் அங்கே சம்பாதித்ததை ஊர் வங்கியில் போடும் கணக்கு) திறக்க வேண்டும்.

நெருங்கிய உறவு என்பதால் மனைவியைச் சேர்க்கலாம். ஆனால் 'முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் மட்டும்தான். தம்பி இருக்கும்வரை அந்தப் பெண் தன் உரிமையில் பணம் எடுக்க முடியாது, அவர் சார்பில் எடுக்கத் தனியாக அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) வேண்டும். மலேசியாவில் எழுதி அனுப்பும் பத்திரத்துக்கு, அது இந்தியா சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஊரில் உள்ள அவருடைய பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக (வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றச் சொல்லிவிட்டேன். அதன் வட்டிக்கு 30 விழுக்காடும் மேல்வரியும் பிடிப்பார்கள், என்.ஆர்.இ. வட்டிக்கு அங்கே வரி கிடையாது.

சிக்கல் சான்றொப்பத்தில். கணக்கு திறக்கக் கொடுக்கும் பாஸ்போர்ட், பெர்மிட், பான் (இந்திய வருமான வரி எண்) அட்டை நகல்களில் சத்தியப் பிரமாண ஆணையர் (கமிஷனர் ஃபார் ஓத்ஸ்) முத்திரை போதாதாம். நோட்டரி பப்ளிக் அல்லது இந்தியத் தூதரகம் வேண்டுமாம். கோலாலம்பூர் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ஈப்போவிலோ குவாலா கங்சாரிலோ சனிக்கிழமை திறந்திருக்கும் நோட்டரி உண்டா? ஒரு பக்கத்துக்கு எவ்வளவு கட்டணம்?

இன்னொன்று. லயத்து வீட்டுக்கு மின்சார பில் அவர் பெயரில் வராது. தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தை முகவரிச் சான்றாக எந்த வங்கியாவது ஏற்றிருக்கிறதா? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பான் அட்டையில் இனிஷியல் மட்டும்; இதற்கு உறுதிமொழிக் கடிதம் போதுமா?

பெர்மிட் புதுப்பிக்க பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் கேட்பதற்குள் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.