நான்கரை நிமிட எக்ஸ்போஷரில் மட்டும் வெளிர்கோடு: ஃபில்டரா, கேமராவா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. தண்ணீரும் பாறையும் இருக்கிற இடங்களில் கறுப்பு வெள்ளை லாங் எக்ஸ்போஷர் (ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுக்கும் படம்) எடுக்கிறேன். டிஎஸ்எல்ஆர், வைடு ஆங்கிள் லென்ஸ், ஹோல்டரில் செருகும் சதுர ஃபில்டர்கள். நேரம் சூரியன் எழுந்த கொஞ்சத்திலேயே. வெயில் என் முதுகுப் பக்கம்.

ஐஎஸ்ஓ 100, எஃப்11 வைத்தால் ஃபில்டர் இல்லாமல் 1/30 நொடி வருகிறது. 10 ஸ்டாப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) போட்டு 34 நொடி எடுத்தால் படம் சுத்தமாக இருக்கிறது. அதோடு 3 ஸ்டாப்பும் சேர்த்து நான்கரை நிமிடம் எடுத்தால் இரண்டு தொல்லை. ஒன்று, படத்தின் நடுவில் குறுக்கே மங்கலான ஒரு வெளிர்கோடு; அதைச் சுற்றி கறுப்பே கறுப்பாக இல்லை, பால் கலந்தது போல் இருக்கிறது. இரண்டு, கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வானத்தை இருட்டாக்கினால் திட்டுத்திட்டாகப் புள்ளி கிளம்புகிறது. ஃபில்டர் மட்டமானதா? மாற்றிவிடலாமா?

பதில் 1

ஃபில்டரை இப்போதைக்கு மாற்றாதீர்கள். 34 நொடியில் வராத கோடு நான்கரை நிமிடத்தில் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது.

10 ஸ்டாப் என்றால் வெளிச்சம் 1,024ல் ஒரு பங்கு. 13 ஸ்டாப் என்றால் 8,192ல் ஒரு பங்கு. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை இவ்வளவு குறைத்துவிட்டு அந்த அளவுக்கு நேரத்தை நீட்டுகிறோம்; படத்தைப் பொறுத்தவரை கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஃபில்டர் வழியாக வராமல் வேறு ஏதோ சந்தில் நுழையும் வெளிச்சத்தை யாரும் குறைக்கவில்லை. அதற்கு நேரம் மட்டும்தான் கூடுகிறது. 34 நொடியில் இருந்ததைவிட எட்டு மடங்கு இப்போது சென்சாரில் விழுகிறது. சாதாரண 1/30 நொடிப் படத்தில் இந்தக் கசிவு இருந்தாலும் கண்ணுக்கே தெரியாது.

சந்து எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. லென்ஸ் மூடியைப் போடுங்கள், ஃபில்டர் வேண்டாம். கேமராவின் முதுகில் வெயில் படும்படி டிரைபாடில் வைத்து, பல்ப் மோடில் (நாம் மூடும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) அதே நான்கரை நிமிடம் எடுங்கள். அப்புறம் வியூஃபைண்டர் ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் இடத்தை, கறுப்புத் துணியால் நன்றாக மூடி இன்னொன்று. இரண்டையும் கணினியில் திறந்து எக்ஸ்போஷரை நான்கைந்து ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். முதல் படத்தில் கோடு இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் ஐபீஸ்தான் காரணம். இரண்டிலும் இல்லையென்றால் ஹோல்டர் பக்கம் வாருங்கள்: 10 ஸ்டாப் ஃபில்டரின் பின்பக்கம் ஓரத்தில் நுரைப்பட்டை இருக்கும். அந்தப் பக்கம் லென்ஸைப் பார்த்து, லென்ஸுக்கு மிக அருகிலுள்ள பள்ளத்தில் அழுத்தமாக உட்கார வேண்டும். 3 ஸ்டாப்பை உள்ளேயும் 10 ஸ்டாப்பை வெளியேயும் செருகினால் இடைவெளியில் வெளிச்சம் புகுந்து இரண்டு கண்ணாடிக்கும் நடுவே எதிரொளிக்கும்.

பதில் 2

இரண்டாவது தொல்லைக்கு நான் சொல்கிறேன். வானத்தை இருட்டாக்க, மென்பொருளில் நீல நிறப் பகுதிகளின் வெளிச்சத்தை மாற்றும் நீல ஸ்லைடரைக் கீழே இழுக்கிறீர்கள், சரிதானே? எவ்வளவு?

கேட்டவர்

ஆமாம், −80 வரை. சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்த பழைய ஃபிலிம் படங்களில் வரும் கரிய வானம் வேண்டும் என்று.

பதில் 2

அதுதான். இரண்டு விஷயம் சேர்ந்து அடிக்கிறது. கனமான என்டி ஃபில்டர் பலவற்றில் நிறச் சாயல் உண்டு. உங்களுடையது பழுப்புப் பக்கம் சாய்வதாக இருந்தால் நீலச் சேனலுக்கு வெளிச்சம் குறைவாகவே கிடைத்திருக்கும். மூன்று நிறமும் சேர்ந்த ஹிஸ்டோகிராம் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) நன்றாக இருப்பது போலவே காட்டும். நீலத்தைத் தனியாகப் பார்த்தால் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்தது, ஸ்லைடர் ஒவ்வொரு பிக்ஸலின் நிறத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. நாய்ஸால் ஒரு பிக்ஸல் கொஞ்சம் நீலமாகவும் பக்கத்துப் பிக்ஸல் கொஞ்சம் சாம்பலாகவும் இருந்தால், −80ல் ஒன்று கறுத்துப் போகும், மற்றது அப்படியே நிற்கும். நீங்கள் பார்க்கும் திட்டு அதுதான்.

ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) முதலில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள், கலரில் பார்க்கும்போதே சாயல் போகட்டும். எடுக்கும்போது வெளுத்துப் போகாத வரை எக்ஸ்போஷரைத் தாராளமாக வையுங்கள். நீல ஸ்லைடர் −25க்கு மேல் வேண்டாம். மீதி இருட்டை, மேலிருந்து கீழே இறங்கும் கிரேடியன்ட் மாஸ்க் போட்டுக் கொண்டுவாருங்கள். அது நிறத்தைப் பார்ப்பதில்லை, அதனால் திட்டு கிளம்பாது. இன்னொன்று: வானம் முழுக்கச் சாம்பல் மேகமாக இருந்தால் நீல ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் பயன் இல்லை, அங்கே நீலமே கிடையாது.

பதில் 3

சிவப்பு ஃபில்டர் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. டிஜிட்டலில் சிவப்புக் கண்ணாடியையே வாங்கி லென்ஸில் மாட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வழக்கமான சென்சாரில் நான்கில் ஒரு பிக்ஸல்தான் சிவப்பைப் பிடிப்பது. மற்றவற்றைப் பட்டினி போட்டுவிட்டு நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. நிறமே பார்க்காத மோனோக்ரோம் சென்சார் என்றால் கதை வேறு, அங்கே சிவப்புக் கண்ணாடி ஃபிலிமில் போலவே அருமையாக வேலை செய்யும்.

நான் இன்னமும் ஃபிலிம்தான். எங்களுக்கு இதற்கு மேல் ஒரு கணக்கு உண்டு: நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறன் குறையும். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸில் மீட்டர் 30 நொடி என்று சொன்னால் நான் 73 நொடி கொடுப்பேன். டிஜிட்டலில் இந்தத் தொல்லை இல்லை, ஃபில்டர் கணக்கு அப்படியே செல்லும்.

கேட்டவர்

சோதனை செய்துவிட்டேன். லென்ஸ் மூடி மட்டும் போட்டதில் எக்ஸ்போஷரை ஏற்றியதும் நடுவில் ஊதா கலந்த கோடு, என் படங்களில் இருக்கும் அதே இடத்தில். ஐபீஸைத் துணியால் மூடியதில் கோடே இல்லை. ஆனால் இரண்டிலும் அங்கங்கே சிவப்பு, நீலம், வெள்ளை என்று கூர்மையான புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. சென்சார் போய்விட்டதா?

பதில் 1

சென்சாருக்கு ஒன்றுமில்லை. அவை ஹாட் பிக்ஸல்கள், வெளிச்சம் படாமலே மின்னுபவை. நேரமும் சூடும் கூடக்கூடப் பெருகும். கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் இருக்கும். அது ஷட்டரைத் திறக்காமல் அதே நேரத்துக்கு இன்னொரு படம் எடுத்து, அந்தப் புள்ளிகளைக் கழித்துவிடும். நான்கரை நிமிடப் படத்துக்கு ஒன்பது நிமிடம் ஆகும், அதற்குள் வெளிச்சம் மாறிவிடும். அதனால் நான் அதை அணைத்துவிட்டு, கிளம்பும் முன் லென்ஸை மூடி அதே நேரத்துக்கு ஒரே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வேன். வீட்டில் கழித்துக்கொள்ளலாம்.

கோட்டுக்கு மருந்து மலிவானது. சில கேமராக்களில் ஐபீஸை உள்ளிருந்தே மூடும் சின்ன நெம்புகோல் உண்டு. சிலவற்றின் கழுத்து வாரில் ஒரு ரப்பர் துண்டு கோத்திருக்கும். பலர் அது எதற்கென்றே தெரியாமல் வைத்திருப்பார்கள், ஐபீஸை மூடத்தான். இரண்டும் இல்லையென்றால் கறுப்பு டேப் போதும். மீட்டர் பார்க்கும்போதே மூடிவிடுங்கள். கண்ணை எடுத்ததும் ஐபீஸ் வழியே நுழையும் வெளிச்சம் மீட்டரையும் ஏமாற்றும், படம் இருட்டாகிவிடும்.

பதில் 4

மிரர்லெஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாமல், காட்சியை மின்திரையில் காட்டும் கேமரா) மாறினால் ஐபீஸ் கவலையே இல்லை. நான் கேட்க நினைத்தது வேறு: எல்லாக் காட்சிக்கும் நான்கரை நிமிடம் எதற்கு? அலையடங்கி நீர் வழவழப்பாக 30 நொடியே போதும். நேரத்தை முடிவு செய்ய வேண்டியது மேகம். வேகமாக நகரும் மேகத்துக்கு நான்கு நிமிடம் கொடுத்தால் வடிவமே கரைந்து வானம் வெறும் சாம்பல் பூச்சாகிவிடும்; ஒரு நிமிடத்தில் அழகான கோடுகள் கிடைத்திருக்கும். மெதுவாக நகர்ந்தால்தான் நீண்ட நேரம் வேண்டும். மேகம் உங்களை நோக்கி வருகிறதா, குறுக்கே போகிறதா என்றும் பாருங்கள். நோக்கி வந்தால் தொடுவானத்தில் ஒரு புள்ளியிலிருந்து விசிறி போல் விரியும், அந்தப் புள்ளிக்குக் கீழே பாறையை வைத்தால் படம் எழுந்து நிற்கும்.

கேட்டவர்

டேப் ஒட்டி இன்று எடுத்தேன், கோடு போய்விட்டது. நீலம் −20, மீதி மாஸ்க், வானம் சுத்தம். எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பாறை லேசாக மங்கலாக இருக்கிறது, எஃப்22 போடவா?

பதில் 2

வேண்டாம், எஃப்22ல் டிஃப்ராக்ஷனால் (லென்ஸ் துளை மிகச் சிறிதாகி ஒளி விரிவதால்) இன்னும் மங்கும். எஃப்11லேயே இருங்கள். ஃபோகஸை ஃபில்டர் செருகும் முன் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், லென்ஸிலுள்ள ஸ்டெபிலைசரை அணையுங்கள், கழுத்து வாரைக் கழற்றிவிடுங்கள். ஈர மணலில் நிற்பதாக இருந்தால் டிரைபாட் கால்களை இனி இறங்காது என்கிற வரை அழுத்தி ஊன்றிவிட்டு எடுங்கள். ஒவ்வொரு அலைக்கும் மில்லிமீட்டர் இறங்கினாலும் நான்கரை நிமிடத்தில் அது படத்தில் தெரியும்.