நான்கு சுவிசேஷங்களை எழுதியது யார்? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற பெயர்கள் சுவிசேஷங்களுக்கு எப்போது, எதை வைத்து வந்தன என்று ஆதித் திருச்சபை வரலாறு படித்தவர்கள் யாராவது விளக்க முடியுமா? யாருடைய விசுவாசத்தையும் குறை சொல்லக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

எனக்குப் புரிந்தவரை, எந்தச் சுவிசேஷத்திலும் எழுதியவர் தன் பெயரைச் சொல்வதில்லை. நான்கு பெயர்களையும் சேர்த்துத் தெளிவாகச் சொல்பவர் இரேனேயு என்ற பிஷப், அதுவும் கி.பி. 180 வாக்கில்தான். அவருக்கு முந்தைய பிஷப்பான பப்பியா, பேதுரு சொன்னதைக் கேட்டு மாற்கு எழுதினார், ஆனால் வரிசைப்படி எழுதவில்லை என்கிறார். பப்பியாவின் நூல் கிடைக்கவில்லை, நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய எவுசேபியு எடுத்தெழுதி வைத்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது.

என்னை அதிகம் குழப்புவது மத்தேயுதான். 9:9-இல் இயேசு அவரை அழைக்கும்போது "மத்தேயு என்னும் ஒரு மனுஷனை" என்று வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல வருகிறது. அதே சம்பவம் மாற்கு 2:14-இல் லேவி என்ற பெயரில், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் இருக்கிறது. இதை எழுதியது இயேசுவின் கூடவே இருந்த சீஷர் மத்தேயு என்றால், தன் சொந்த அழைப்பைச் சொல்லக்கூட மாற்கைப் பார்த்து ஏன் எழுத வேண்டும்?

அப்புறம் யோவான் 21:24-இல், இதை எழுதின சீஷனைப் பற்றி "அவனுடைய சாட்சி மெய்யென்று அறிந்திருக்கிறோம்" என்று சொல்பவர்கள் யார்?

இந்த நால்வரே எழுதினார்கள் என்ற மரபுக் கருத்தை ஏற்பவர்களும் சரி, மறுப்பவர்களும் சரி, ஆதாரத்தோடு எழுதுங்கள். தமிழில் நல்ல புத்தகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.